அரை நிமிடம் பிந்தி வந்த கோல்

அன்புள்ள தம்பி,

இந்தக் கடிதத்தை அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு ஐந்து வருடம் உன்னைப் பனிக்குள் இழுத்துக்கொண்டு போன உன் அப்பன் நான். எழுத்துக் கூட்டியாவது நீயே வாசிக்க வேண்டும். மொன்ட்ரியாலின் ஒரு மூலையில் நீயும் மறு மூலையில் நானும் இருக்கிறோம், போனில் சொல்லலாமே என்று நினைப்பாய். போனில் உன்னிடம் ஒரு கேள்வி கேட்டு நான் கெடுத்தது போதும். அந்தக் கேள்வியைப் பற்றித்தான் எழுத வந்தேன். இன்னும் மூன்று கிழமையில் உனக்குக் கலியாணம். அதற்கு முன் இதைச் சொல்லாவிட்டால் மணவறையில் உன் பக்கத்தில் நிற்க எனக்கு முகம் இருக்காது.

நான் சந்தேகக்காரன் என்பது உனக்குப் புதிய செய்தி அல்ல. உன் கலியாண மண்டபக்காரன் முந்நூறு கதிரை இருக்கிறது என்றான். நான் ஒவ்வொரு வரிசையாகப் போய் எண்ணிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். பதின்மூன்று குறைந்தது. பலகாரம் செய்யும் பெண் ருசி பார்க்க நீட்டிய லட்டை வாயில் போடாமல் இரண்டாக உடைத்துப் பார்த்தேன், அவள் முகம் கறுத்துப் போனது. ஜான்-டலோன் சந்தையில் பதினாறு வருடமாக மரக்கறிப் பெட்டி இறக்குகிறேன். மேல் வரிசைத் தக்காளி பளபளவென்று இருக்கும், அடி வரிசை நசிந்து தண்ணீர் விட்டிருக்கும். அதனால் எந்தப் பெட்டி வந்தாலும் முதலில் கையை அடிக்கு விடுவேன். அதற்கு முன் திருகோணமலையில் வாழ்ந்த வருடங்களில், யார் என்ன கேட்டாலும் ஏன் கேட்கிறான் என்று யோசித்துப் பாதிப் பதில்தான் சொல்வோம். அங்கே அந்தப் புத்தி உயிரைக் காப்பாற்றியது. இங்கே அதற்கு வேலை இல்லாமல் போனபோது அது வீட்டுக்குள் வந்து குந்திக்கொண்டது. அதில் அகப்பட்டவன் நீ.

பல்கலைக்கழகத்தில் உனக்கு இரண்டாம் வருடம். வெள்ளிக்கிழமைகளில் பிந்தி வரத் தொடங்கினாய். கேட்டதற்கு, "எங்கட கம்பஸ் ஹொக்கி மட்சுக்குக் கமரா பிடிக்கிறன் அப்பா. இன்ரநெற்றில லைவாப் போகும்" என்றாய். எனக்குத் தெரிந்த ஹொக்கி தொலைக்காட்சியில் சனிக்கிழமை போகும் ஹொக்கி. ஊரே அன்று கடையைப் பூட்டிவிட்டு ஓடும். "படிக்கிற பெடியள் விளையாடுறதை ஆர் பாக்கிறது?" என்று கேட்டேன். நீ சொன்னாய்: "விளையாடுற பெடியளின்ர அப்பா அம்மா. அவையள் பத்து மணித்தியாலத் தூரத்தில சின்னச் சின்ன ஊர்களில இருக்கினம். ரீவி எங்கட மட்சை வருசத்தில ஒண்டோ ரெண்டோதான் காட்டும். அதுதான் நாங்கள் காட்டுறம்." எவ்வளவு நல்ல பதில். நல்ல பதில் என்பதாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. அந்தக் கிழமைதான் கீழ்வீட்டுச் சிவபாலன் அண்ணை படியில் மறித்து, யாரோ ஒருவரின் மகன் ஒரு வருடம் முழுக்கப் புத்தகப் பையோடு காலையில் புறப்பட்டுப் போய், படிப்பை எப்போதோ விட்டுவிட்டு ஒரு பாரில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த கதையைச் சொன்னார். "எங்கட பெடியள் வெளிக்கிடேக்க பையைப் பாக்கிறம், உள்ளுக்க என்ன கிடக்குதெண்டு பாக்கிறமோ?" என்றார். பெட்டியின் அடியில் கை விடுகிறவனிடம் இதைச் சொல்லலாமா? என் மண்டைக்குள் புழு புகுந்துவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை நீ போன பிறகு, நீ படிக்கப் பாவிக்கும் கணினியில் அந்தப் பக்கத்தைத் தேடித் திறந்தேன். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய சதுரம். அதற்குள் எறும்புகள் மாதிரி ஆட்கள் வழுக்கி ஓடினார்கள். அந்தக் கறுப்பு வட்டு எங்கே போகிறது என்று கண்ணுக்குப் பிடிபடவே இல்லை. நடுவில் படம் நின்று ஒரு வட்டம் சுழலும், பிறகு திடீரென்று எல்லாரும் வேறு இடத்தில் நிற்பார்கள். மேலே மூலையில் சிவப்பு எழுத்தில் லைவ் என்று போட்டிருந்தது. இரண்டு மணித்தியாலம் மூக்கைத் திரையில் முட்டிக்கொண்டு உன் முகத்தைத் தேடினேன். ஒரு தடவை கூட நீ வரவில்லை. சிரிக்காதே. நம்முடைய கலியாண வீடுகளில் வீடியோக்காரன் விழாத வீடியோ உண்டா? தாலி கட்டும்போது ஐயரை மறைத்துக்கொண்டு நிற்பவனே அவன்தான். எங்கள் சனம் எடுத்த எந்த ஒளிப்பதிவிலும் கமராக்காரனின் முதுகு, முழங்கை, வயர் ஏதாவது ஒன்று இருக்கும். இதில் நீ இல்லை என்றால் நீ அங்கே இல்லை. என் கணக்கு அவ்வளவுதான்.

மறுநாள் நான் நேரடியாகக் கேட்கவில்லை. வளைத்துக் கேட்டேன். "அடுத்த முறை கமராவுக்கு முன்னால வந்து ஒருக்காக் கையைக் காட்டன், அம்மா பாக்க ஆசைப்படுறா" என்றேன். அம்மா குசினிக்குள் சமைத்துக்கொண்டே, "நான் எப்ப கேட்டனான்?" என்றாள். நீ பொறுமையாக, "அப்பா, அது ப்ரோட்காஸ்ட். ஒரே ஒரு கமராதான். நான் முன்னால வந்தா மட்ச் தெரியாது" என்றாய். அந்தப் பதிலும் நன்றாக இருந்தது. அதுவும் பிடிக்கவில்லை.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் என் பக்கத்தில் நடந்தது தெரியாது. சந்தையில் தலையிடி என்று சொல்லி ஒரு மணித்தியாலம் முன்னதாகவே வந்துவிட்டேன். கணினியைத் திறந்து வைத்தேன். ஒன்றுக்கு ஒன்று. இரண்டு பக்கமும் நடுவில் நின்று தள்ளுப்பட்டார்கள். குசினிப் போனை இழுத்துக்கொண்டு வந்து உன் செல்போனுக்கு அடித்தேன். நீ இரகசியக் குரலில், "அப்பா, கேம் நடக்குது, பேந்து எடுக்கிறன்" என்றாய். "பேந்து இல்லை. இப்ப என்ன நடக்குது, சொல்லு" என்றேன். பின்னால் ஒரே கூச்சல். நீ, "கோல் அடிச்சிட்டாங்கள் அப்பா! எங்கட பக்கம். ரெண்டு ஒண்டு" என்றாய். நான் திரையைப் பார்த்தேன். கோலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அதே ஒன்றுக்கு ஒன்று. அதே தள்ளுப்பாடு. பார்களில் எந்த நாளும் தொலைக்காட்சியில் பெரிய ஹொக்கி ஓடுவது எனக்குத் தெரியும். அங்கே இருந்து அந்த ஆட்டத்தின் கோலைச் சொல்கிறான் என்று அந்த நிமிடமே முடிவு கட்டினேன். "பொய் சொல்லாத" என்றேன். நீ என்ன சொன்னாய் என்று கேட்கக்கூட இல்லை, போனை வைத்துவிட்டுக் கணினியின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். இன்னும் இருபது எண்ணும் வரை பொறுத்திருந்தால் அந்தக் கோல் என் கண்ணுக்கு முன்னால் விழுந்திருக்கும்.

அடுத்த நாள் காலை குசினியில் நீ பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டிருந்தபோது கேட்டேன். "நேற்று எங்க நிண்டனி?" நீ, "மட்சில" என்றாய். "ரெண்டு ஒண்டு எண்டு சொன்ன நேரம் ஒண்டுக்கு ஒண்டுதான். என்ர ரெண்டு கண்ணாலயும் பாத்தனான்." நீ கத்தியை வைத்துவிட்டு, "அப்பா, கொம்பியூட்டரில அது பிந்தித்தான்..." என்று தொடங்கினாய். நான் முடிக்க விடவில்லை. "லைவ் எண்டு சிவப்பு எழுத்தில போட்டுக் கிடக்குது. லைவ் எண்டா லைவ்தான். என்னை என்ன பேயன் எண்டு நினைச்சியோ?" நீ என்னையே பார்த்தாய். "அப்ப நான் பொய்யனோ?" என்று கேட்டாய். ஓம் என்றேன். பொய் சொல்கிறவனுக்கு இந்த வீட்டில் இடம் இல்லை என்றும் சொன்னேன். அம்மா ஏதோ சொல்ல வந்தாள், அவளையும் வாயை மூடச் சொன்னேன். மூன்றாம் நாள் நீ இரண்டு பையோடு டவுன்டவுனுக்குக் கிட்ட சிநேகிதர்களின் அறைக்குப் போனாய். படிக்கட்டில் பனி உறைந்திருந்தது. பையைப் பிடிக்க நான் வரவில்லை.

இனி எழுதுவது உனக்குத் தெரியாதது. கவனமாக வாசி.

நீ போய் ஒரு மாதம் இருக்கும். எங்கள் கடைக்குக் கார்த்திக் என்று ஒரு பையன் வெண்டிக்காய் வாங்க வருவான். சென்னைப் பக்கம், இங்கே கம்பியூட்டர் படிக்க வந்தவன். ஒவ்வொரு காயின் நுனியையும் ஒடித்துப் பார்த்துத்தான் பைக்குள் போடுவான், அதனால் எனக்கு அவனில் ஒரு மதிப்பு. அன்றைக்கு முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். என்ன என்று கேட்டேன். "எங்கப்பாதான் அங்கிள். நான் நெட்ல கிரிக்கெட் பாத்துட்டு இருக்கும்போது ஊர்ல டிவில பாத்துட்டு போன் பண்ணி சிக்ஸ்னு கத்தறாரு. எனக்கு பவுலர் இன்னும் ஓடியே வரல. மொத்த மேட்சும் போச்சு" என்றான். என் கையில் இருந்த பெட்டியைக் கீழே வைத்தேன். "ஏன் தம்பி, லைவ் எண்டுதானே போட்டிருக்கும்?" என்றேன். "போட்டிருக்கும் அங்கிள். ஆனா நெட்ல அரை நிமிஷம், ஒரு நிமிஷம் லேட்டாதான் வரும். நடக்கறத எடுத்து, சுருக்கி, துண்டு துண்டா அனுப்பணும்ல" என்றான்.

அவன் சொன்னதையும் நான் நம்பவில்லை. நம்பினால் நான் யார் என்று ஆகிவிடும் அல்லவா? அந்தப் பருவத்தின் கடைசியில் உங்கள் ஆட்டம் ஒன்றை ஒரு கேபிள் சனலும் காட்டியது. தொலைக்காட்சியை ஒரு பக்கம், கணினியை ஒரு பக்கம் வைத்து, நடுவில் கதிரை போட்டு இருந்தேன். தொலைக்காட்சியில் கோல் விழுந்தது. மாறி மாறி ஏழெட்டுக் கமராவில் அதைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். கணினியில் அதே ஆட்கள் ஒன்றும் அறியாதவர்களாய் ஓடிக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர்களும் அதே கோலை அடித்தார்கள். அடுத்த கோலுக்கும் அப்படியே. அம்மா வந்து, "என்ன இது, இஞ்சாலயும் அங்காலயும் தலையை ஆட்டிக்கொண்டு இருக்கிறியள்?" என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன்.

ஆனாலும் என் புத்தி விடவில்லை பார். படம் பிந்தி வரும், சரி. அவன் அன்று அங்கேதான் நின்றான் என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டது. கார்த்திக்கை ஒரு ஞாயிறு பின்னேரம் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டேன். பழைய ஆட்டங்களின் பதிவை அதே பக்கத்தில் வைத்திருப்பார்கள் என்று அவன்தான் சொன்னான். அந்த வெள்ளிக்கிழமை ஆட்டத்தைத் தேடி எடுத்தான். ஒன்றுக்கு ஒன்று. நடுவில் தள்ளுப்பாடு. வர்ணனை செய்கிறவன் வேகமாக ஆங்கிலத்தில் கத்திக்கொண்டிருந்தான். அவனுடைய சத்தத்துக்கு அடியில், தூரத்தில், தமிழ் கேட்டது. கார்த்திக் சத்தத்தைக் கூட்டினான். "அப்பா, கேம் நடக்குது, பேந்து எடுக்கிறன்." அரங்கம் முழுக்க எழும்பிக் கத்தியது. "கோல் அடிச்சிட்டாங்கள் அப்பா!" படம் ஒருக்கா ஆடியது. நீ போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கமராவைப் பிடித்திருப்பாய். அதற்குப் பிறகு, நான் போனை வைத்ததால் கேட்காமல் விட்டது: "சத்தியமா இஞ்சதான் நிக்கிறன் அப்பா. அப்பா? அப்பா?" வர்ணனைக்காரன் உன் பக்கத்தில் இருந்திருக்கிறான் போல, அவன் மைக்கில் எல்லாம் விழுந்திருக்கிறது. பத்து மணித்தியாலத் தூரத்தில் இருந்த வெள்ளைக்காரத் தாய் தகப்பன் எல்லாருக்கும் நீ அப்பா என்று கூப்பிட்டது கேட்டிருக்கிறது. எனக்குத்தான் கேட்கவில்லை.

கார்த்திக் பாவம், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தான். அம்மா குசினி வாசலில் நின்று கேட்டிருந்தாள். அவன் போன பிறகு போனைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "இப்பவே எடுங்கோ" என்றாள். நாளைக்கு என்றேன். "நீங்களாத்தான் சொல்லோணும். உங்களுக்காக நான் அவனுக்குச் சொல்லமாட்டன்" என்றாள். அவள் வாக்குத் தவறவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று நாலு வருடம் போய்விட்டது.

ஏன் எடுக்கவில்லை என்று நீ கேட்கலாம். வெட்கம் என்று சொன்னால் பாதிதான் உண்மை. மற்றப் பாதி இன்னும் கேவலம். நான் மன்னிப்புக் கேட்டால் நீ அதற்குள் என்ன உள்நோக்கம் இருக்கிறது என்று தேடுவாயோ என்று பயந்தேன். நான் உனக்குச் செய்ததை நீ எனக்குச் செய்வாய் என்று எண்ணினேன். தீபாவளிக்கு வந்தாய், பொங்கலுக்கு வந்தாய், அம்மாவுக்குச் சாமான் தூக்கிக் கொடுத்தாய். என்னோடு ஓம் அப்பா, இல்லை அப்பா என்று மரியாதையாகக் கதைத்தாய். அந்த மரியாதை என்னைக் கொன்றது.

ஆனால் நீ படித்து முடிக்கும் வரை உன் ஒரு ஆட்டத்தையும் நான் தவறவிடவில்லை. முதலில் குற்ற உணர்ச்சியில் பார்த்தேன், பிறகு பார்க்காமல் இருக்க முடியவில்லை. வேறு பெடியன் கமரா பிடிக்கும் நாட்களில் கோல் விழுந்தால், படம் அடித்தவனின் பின்னால் ஓடிவிடும். நீ பிடித்தால் அடித்தவனைக் கொஞ்ச நேரம்தான் காட்டுவாய். பிறகு மெல்லத் திரும்பி, கோலைத் தடுக்க முடியாமல் விட்டவன் தன் தடியால் பனிக்கட்டியைத் தட்டிக்கொண்டு தனியே நிற்பதைக் காட்டுவாய். அவனுடைய தாய் தகப்பனும் பார்ப்பார்கள் என்று யோசித்திருப்பாய். ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிடத்தில், "இண்டைக்கு இவன்தான்" என்று அம்மாவுக்குச் சொல்லிவிடுவேன். முகத்தைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில் உன்னுடைய கையை நான் பார்க்கவே இல்லை.

உனக்கு வரப்போகிறவளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், அப்பன் என்ற உரிமையில். அவள் ஒன்று சொல்வாள், உன் கண் வேறொன்றைக் காட்டும். அந்த நேரம் வயரைப் பிடுங்காதே. அவள் சொல்லி முடிக்கட்டும், கொஞ்சம் பொறு. இந்தக் குணம் எனக்கு எங்கே இருந்து வந்தது என்று எழுதினேன், உன்னிடமும் கொஞ்சம் ஒட்டியிருக்கும். சின்ன வயதில் நத்தார் மரத்துக்குக் கீழே வைத்த பரிசைப் பிரிக்க முதல் குலுக்கிப் பார்க்கிறவன் நீ.

போன ஞாயிறு உன் மாமனார் வந்திருந்தார். மனிதர் மட்டக்களப்புக்காரர், அதிகம் சிரிக்கிறார், அதனால் நான் கவனமாகவே இருந்தேன். அவருடைய வேலை, வீடு, சொந்தக்காரர் என்று ஒவ்வொன்றாகக் கிண்டிக்கொண்டிருந்தேன். அவர் தேத்தண்ணியை வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார். "நான் ஒண்டு சொல்லோணும். உங்கட மகன் எங்கட பிள்ளைக்குச் சொன்னவராம். பனிக்குள்ள ரெண்டு பஸ் மாறி அலைஞ்சு படிப்புக் கெட்டிரும் எண்டு, நீங்கதான் கட்டாயப்படுத்திக் கம்பஸுக்குக் கிட்ட இருக்கச் சொன்னீங்களாம். ஒரே பிள்ளையைப் படிப்புக்காகப் பிரிஞ்சு இருந்திருக்கிறீங்க. அதைக் கேட்ட பிறகுதான் நானும் மனுசியும் இந்தச் சம்பந்தத்துக்கு முழு மனசா ஓம் எண்டம்" என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது. அம்மா தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். நான், தம்பி, அவருக்கு ஓம் என்றேன். தலையையும் ஆட்டினேன்.

உன் வாயிலிருந்து ஒரு பொய்யைப் பிடித்துவிட வேண்டும் என்று அன்றைக்கு எவ்வளவு அலைந்தேன். கடைசியில் அகப்பட்டது இதுதான். என் மானத்தைக் காப்பாற்ற நீ சொன்ன பொய். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

வருகிற ஞாயிறு அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். நீ வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. போக வேண்டாம் என்று போன் எடுக்காதே, கேட்கமாட்டேன். சம்பந்தம் குழம்பிவிடும் என்று பயப்படாதே. அப்படிப்பட்ட தகப்பனுக்காக இப்படிப் பேசிய மருமகனை அவர்கள் விடமாட்டார்கள், இதை மட்டும் எந்தச் சந்தேகமும் இல்லாமல் எழுதுகிறேன். என்ன சொல்வது என்று மூன்று நாளாகச் சொல்லிப் பார்த்து வைத்திருக்கிறேன். "என்ர மகனை நான் படிக்க அனுப்பேல்லை, வீட்டை விட்டுக் கலைச்சனான். அவனைப் பொய்யன் எண்டு சொல்லிக் கலைச்சனான். அவன் அண்டைக்கு அங்கதான் நிண்டவன்."

உன் அப்பா